ஐகான் வரையறதுல இருந்து எக்ஸ்போர்ட் வரைக்கும்: ஒரு டவரா டம்ளர் கதை

எங்க அக்கா பொண்ணு காலேஜ் முடிச்சுட்டு இப்போ டிசைன் கத்துக்கிட்டு இருக்கா. பெங்களூரு அல்சூர்ல அவ ஃப்ரெண்டோட அம்மா வீட்லயே டிஃபன் செஞ்சு அக்கம்பக்கத்து ஆபீஸ்களுக்கு அனுப்புறாங்க, அவங்களுக்கு ஒரு சின்ன ஆர்டர் ஆப் பண்ணித் தர்றேன்னு இவளும் இன்னொரு பையனும் ஒத்துக்கிட்டாங்க, அதுக்கு காபி, இட்லி, சாப்பாடு, பணம் கட்டுறது இப்படி ஒரு பத்துப் பன்னெண்டு ஐகான் வேணும். இவ முதல்ல வரைஞ்சது டவரா டம்ளர். லேப்டாப்ல பார்க்க ரொம்ப நல்லா வந்திருந்துச்சு. அந்த சந்தோஷத்துல அதே படத்த டெலிவரி பையில ஒட்டலாம்னு சிவாஜிநகர் பக்கம் ஒரு ரேடியம் ஸ்டிக்கர் கடைக்கு பென்டிரைவ்ல கொண்டு போய் வெட்டக் கொடுத்திருக்கா.

மெஷின் வெட்டி முடிச்சதும் எடுத்துப் பார்த்தா, நல்ல தடிமனா இருந்த கோடு இருந்த இடத்துல எல்லாம் முடி மாதிரி ஒரே ஒரு கீறல். டம்ளரோட அடிப்பக்கம் டவராவுக்குள்ள மறைஞ்சிருக்கணும், ஆனா பிளேடு அங்கயும் போய் வெட்டியிருக்கு, உரிச்சு எடுக்கும்போது டவரா மூணு துண்டா கையோட வந்துடுச்சு. நேரா என் வீட்டுக்கு வந்து டேபிள் மேல வச்சு, "சித்தி, ஸ்கிரீன்ல சரியாத்தானே இருந்துச்சு, இது ஏன் இப்படி?"ன்னு கேட்டா. வெக்டர் ஐகான்னா என்னன்னு புதுசா வர்றவங்களுக்குச் சொல்ல இதவிட நல்ல பொருள் எனக்குக் கிடைச்சதில்ல, அதனால அவளுக்குச் சொன்னதையே இங்க எழுதுறேன்.

அந்த மெஷினுக்குப் படம்னு ஒண்ணு தெரியாது. அதுகிட்ட இருக்குறது ஒரு பிளேடு, அது ஃபைல்ல இருக்குற பாதை மேல மட்டும் போகும். அப்போ அந்த ஃபைலுக்குள்ள என்னதான் இருந்துச்சு? நாம மொபைல்ல எடுக்குற போட்டோ கட்டம் கட்டமா இருக்கும், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கலர். 24க்கு 24 சைஸ்ல ஒரு ஐகான்னா 576 கட்டம், அதையே 96க்கு இழுத்துப் பெருசாக்கினா 9,216 கட்டம் வேணும், ஆனா கையில இருக்குறது 576 தான், மிச்சத்த கம்ப்யூட்டரா பார்த்து நிரப்பும், அதான் மங்கலா தெரியுது. வெக்டர்ல கட்டமே கிடையாது. இந்தப் புள்ளியில ஆரம்பி, அந்தப் புள்ளிக்கு நேரா போ, அங்கிருந்து இப்படி வளைஞ்சு வா, உள்ள இந்தக் கலர் பூசுன்னு வரைய வேண்டிய வழிதான் எழுதி இருக்கும். எந்த சைஸ் கேட்டாலும் அந்த வழிய வச்சு புதுசா வரைஞ்சுக்கும், அதனால கொசு சைஸ்லயும் சரி, ஹோர்டிங் சைஸ்லயும் சரி, ஓரம் சுத்தமா இருக்கும்.

இதுல நேர்கோடு சுலபம், வளைவுதான் எல்லாரையும் பயமுறுத்தும். இந்த வளைவுக் கணக்கு கார் கம்பெனியில இருந்து வந்தது. 1959ல பால் டி காஸ்டெல்ஜோ சிட்ரோயன்லயும், 1960கள்ல பியர் பெசியே ரெனோலயும் கார் பாடியோட வளைவ எண்ணா எழுதி வைக்க வழி தேடினாங்க, சிட்ரோயன் அத ரகசியமாவே வச்சுக்கிட்டதால வெளிய பேரு பெசியேக்குப் போச்சு, இன்னைக்கும் பெசியே கர்வ்னுதான் சொல்றோம். ஒரு வளைவுக்கு நாலு புள்ளி. ஆரம்பிக்கிற புள்ளி, முடியுற புள்ளி, இந்த ரெண்டையும் கோடு தொடும். நடுவுல ஹேண்டில்னு ரெண்டு புள்ளி, கோடு அதுங்கள தொடாது, அதுங்க பக்கமா சாய்ஞ்சு போகும், அவ்ளோதான். சிக்குக் கோலம் போட்டுப் பழகின கைக்கு இது சட்டுனு புரியும், அங்கயும் கம்பி புள்ளிய சுத்திக்கிட்டுதான் போகும், புள்ளி மேல ஏறாது. என் அனுபவத்துல பழகாதவங்க பண்ற தப்பு ஒண்ணே ஒண்ணுதான், புள்ளி ரொம்ப வைப்பாங்க. டவராவோட ஒரு பக்கத்து வளைவுக்கு ரெண்டு ஆங்கர், அதாவது கோடு தொடுற புள்ளி, போதும், இவ ஒன்பது வச்சிருந்தா, அதான் பெருசாக்கிப் பார்த்தா ஓரம் நெளிநெளியா தெரிஞ்சுது.

வெக்டர் ஐகான சேமிக்கிற எஸ்விஜி ஃபைல நோட்பேட்ல திறந்து பார்க்கலாம்னு நிறைய பேருக்குத் தெரியறதே இல்ல. அது வெறும் எழுத்துதான், 2001ல இணையத்துக்கு விதி வகுக்குற டபிள்யூ3சி அமைப்பு அத ஸ்டாண்டர்டா அறிவிச்சாங்க, எல்லா பிரவுசருக்கும் படிக்கத் தெரியும். உள்ள எம், எல், சி, இசட்னு எழுத்தும் அதுக்குப் பின்னாடி எண்ணும் இருக்கும். எம் 7 4 எல் 9 15 அப்படின்னா, பேனாவ எடுத்து இடது ஓரத்துல இருந்து 7, மேல இருந்து 4 இருக்குற இடத்துல வை, அங்கிருந்து 9, 15க்கு நேர்கோடு போடு. அதுதான் எங்க டம்ளரோட இடது பக்கச் சுவர். ஸ்கூல் கிராஃப்ல மேல போகப் போக எண்ணு கூடும், இங்க கீழ போகப் போகக் கூடும், அது ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. சி வந்தா வளைவு, இசட் வந்தா ஆரம்பிச்ச இடத்துக்கே போய் மூடிடு. ஒரு தடவ இத உக்காந்து படிச்சுட்டா, அப்புறம் எந்த ஐகான் கோளாறு பண்ணாலும் எங்க போய் பார்க்கணும்னு தெரிஞ்சுடும், அதுக்காகவே நான் எல்லாரையும் முதல்ல இந்த வேலைய செய்ய வைப்பேன்.

அடுத்தது சைஸ். இவ அந்த டவராவ 500க்கு 500 பெட்டியில வரைஞ்சிருந்தா, வெக்டர்தானே, எப்படி வேணா சுருக்கிக்கலாம்ல சித்தின்னு கேட்டா. சுருங்கும், ஆனா கோடும் சேர்ந்து சுருங்கும், இடைவெளியும் சுருங்கும். ஆப்புக்குள்ள வர்ற ஐகானுக்கு 24க்கு 24 பெட்டிதான் இப்போ பழக்கம். கூகுளோட மெட்டீரியல் ஐகான்ல அந்த 24ல சுத்தி 2 விட்டுட்டு நடுவுல 20க்குள்ள வரையணும்னும் கோடு தடிமன் 2ன்னும் வச்சிருக்காங்க. அந்த 24லயே உக்காந்து வரையுங்க, ஜூம் பண்ணிக்கோங்க, ஆனா பெட்டி 24ஆவே இருக்கட்டும். 1984ல வந்த ஆப்பிள் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்கு சூசன் கேர் ஐகான் போட்டது இப்படித்தான், கிராஃப் நோட்டுல 32க்கு 32 கட்டம், ஒவ்வொரு கட்டத்தையும் கையால நிரப்பி. இடம் கம்மின்னு கண்ணு முன்னாடி தெரிஞ்சாதான் எத விடணும்னு மனசுக்குத் தோணும்.

எங்க டவராவுல நடந்தது இதுதான். அவளோட படத்துல டம்ளருக்கு மேல ஆவி மூணு கோடு வளைஞ்சு வளைஞ்சு போச்சு, அழகாத்தான் இருந்துச்சு. நானும் அவளும் எண்ணிப் பார்த்தோம். கோடு 2, இடைவெளி 2, கோடு 2, இடைவெளி 2, கோடு 2, மொத்தம் 10, அகலத்துக்கு இடம் இருக்கு. உயரம்தான் இடிச்சுது. மேல 2 விட்டாச்சு, ஆவிக்கு 4, அதுக்குக் கீழ இடைவெளி 2, அப்போ டம்ளரோட வாய் 9ல வருது, டவராவோட விளிம்பு 15ல இருக்கு, நடுவுல டம்ளருக்கு மிச்சம் வெறும் 6. அகலம் 10, உயரம் 6ன்னா அது டம்ளர் இல்ல, பூந்தொட்டி. ஆவிய எடுத்தோம். டம்ளர் வாய 4க்குத் தூக்கினோம், உயரம் 11 ஆச்சு. அப்பவும் அது ஏதோ ஜூஸ் கிளாஸ் மாதிரிதான் இருந்துச்சு, கிச்சன்ல போய் நெசமான டம்ளர எடுத்துட்டு வந்து வச்சுப் பார்த்தா அதோட வாய்கிட்ட வெளிய மடங்கின விளிம்பு இருக்குல்ல, அது எங்க படத்துல இல்ல. மேல் கோட்ட ரெண்டு பக்கமும் 1 நீட்டி 6ல இருந்து 18 வரைக்கும் இழுத்தோம். அந்த ரெண்டு பிக்சல்ல அது காபி டம்ளர் ஆயிடுச்சு! ஆவி வேணும்னா 48 சைஸ்ல தனியா ஒண்ணு வரைஞ்சுக்கலாம், அங்க இடம் இருக்கு.

கோடு மங்கலா தெரியுதுன்னு நிறைய பேர் கேப்பாங்க, அதுக்குக் காரணம் பெரும்பாலும் ரொம்பச் சின்னது. கோட்டோட தடிமன் பாதையோட ரெண்டு பக்கமும் பாதிப் பாதியா பிரியும். 2 தடிமன் கோடு 4ங்குற இடத்துல இருந்தா 3ல இருந்து 5 வரை ரெண்டு முழுக் கட்டத்த நிரப்பும், கச்சிதம். அதே இடத்துல 1 தடிமன் கோடு போட்டா மூணரைல இருந்து நாலரை, ரெண்டு கட்டத்துலயும் பாதிப் பாதி, அப்போ சாதாரண ஸ்கிரீன் ரெண்டையும் சாம்பல் ஆக்கிடும். ஒத்தப்படைத் தடிமன்னா பாதைய அரை தள்ளி வைங்க.

இன்னொண்ணு, கணக்குப்படி சரியா இருக்குறது கண்ணுக்குச் சரியா இருக்கணும்னு இல்ல. ஒரே உயரத்துல ஒரு சதுரமும் ஒரு வட்டமும் பக்கத்துல வச்சா வட்டம் சின்னதா தெரியும், அதனாலதான் மெட்டீரியல்ல சதுரத்துக்கு 18, வட்டத்துக்கு 20ன்னு குடுத்திருக்காங்க. பிளே பட்டன் முக்கோணத்த வட்டத்துக்கு நட்டநடுவுல வச்சா இடது பக்கம் ஒதுங்கின மாதிரி இருக்கும், கொஞ்சம் வலது தள்ளணும். இங்க ரூலர விட கண்ண நம்புங்க.

ஐகான் புரியுதான்னு யார்கிட்ட கேக்குறது? டிசைன் தெரிஞ்சவங்ககிட்ட கேக்காதீங்க. எங்க பெரியம்மா தர்மபுரியில இருந்து வருவாங்க, தமிழ் மட்டும்தான் படிப்பாங்க. நம்ம மெட்ரோ ஸ்டேஷன்ல போர்டு கன்னடத்துலயும் இங்கிலீஷ்லயும் இருக்கும், ஆனா அவங்க லிஃப்ட் எங்க, பாத்ரூம் எங்கன்னு யாரையும் கேக்காம படத்தப் பார்த்தே போயிடுவாங்க, முட்டி வலியோட படி ஏறாம லிஃப்ட்டு வாசல்ல போய் நிப்பாங்க. பல ஊர்க்காரங்க பல பாஷை பேசுற இந்த ஊர்ல ஐகான் பண்ற வேலை சின்ன வேலை இல்லைன்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது. அதனால அந்தப் பன்னெண்டு ஐகானையும் பேரு போடாம போன்ல பெரியம்மாவுக்கு அனுப்பினோம். பதினொண்ணு சொல்லிட்டாங்க. இட்லிய மட்டும் "என்னம்மா இது, சோப்பா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் ரெண்டு இட்லிய ஒண்ணு மேல ஒண்ணு சாய்ச்சு வச்சு, பக்கத்துல சின்னதா சட்னிக் கிண்ணம் வச்சதும் சரியாச்சு.

எதுல வரையறது? ஃபிக்மா பிரவுசர்லயே ஓடும், இலவசமாவே ஆரம்பிக்கலாம். இன்க்ஸ்கேப் 2003ல இருந்து இருக்கு, முழுக்க இலவசம், அதோட சொந்த ஃபைலே எஸ்விஜிதான். இல்லஸ்ட்ரேட்டர் 1987ல இருந்து இருக்கு, காசு கட்டணும். கத்துக்கிறவங்களுக்கு முதல் ரெண்டுல எதுவா இருந்தாலும் போதும்.

இப்போ ஸ்டிக்கர் கடைக்கு வருவோம். அவ வரைஞ்ச கோடெல்லாம் ஸ்ட்ரோக், அதாவது ஒரு மெல்லிசான பாதை, அதுக்கு மேல தடிமன் இவ்ளோன்னு ஒரு குறிப்பு. ஸ்கிரீன் அந்தக் குறிப்பப் படிச்சு தடிமனா காட்டுது, பிளேடுக்கு குறிப்பெல்லாம் தெரியாது. அவுட்லைன் ஸ்ட்ரோக்னு ஒரு கமாண்ட் இருக்கு, இன்க்ஸ்கேப்ல ஸ்ட்ரோக் டூ பாத்னு பேரு, அத அடிச்சா அந்தக் கோடு ரெண்டு பக்கமும் ஓரம் இருக்குற நெசமான வடிவமா மாறும். அப்புறம் யூனியன் அடிச்சா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்குறது எல்லாம் கரைஞ்சு ஒரே வடிவம் ஆகும், உள்ள மறைஞ்சிருந்த டம்ளர் அடி காணாம போயிடும். ஆனா இதப் பண்ணிட்டா திரும்ப தடிமன மாத்த முடியாது, அதனால ஸ்ட்ரோக்கா இருக்குற ஒரு நகல கண்டிப்பா தனியா வச்சுக்கோங்க. வெப்சைட்டுக்கு மட்டும்னா ஸ்ட்ரோக்காவே விடலாம், பிரவுசருக்கு அது ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஐகான்களையே எழுத்தா சேர்க்குற ஐகான் ஃபான்ட், ஸ்டிக்கர் வெட்டுறது இதுக்கெல்லாம் வடிவமா மாத்தியே ஆகணும்.

எக்ஸ்போர்ட்ல நான் அதிகம் பார்க்குற தப்பு ஃப்ரேம, அதாவது அந்த 24க்கு 24 பெட்டிய, விட்டுட்டு உள்ள இருக்குற படத்த மட்டும் செலக்ட் பண்ணி எக்ஸ்போர்ட் பண்றது. எனக்கும் முதல் வேலையில இதுதான் நடந்துச்சு, நாப்பது ஐகானையும் அப்படியே அனுப்பிட்டேன். வியூபாக்ஸ்னு ஃபைல் மேலயே ஒரு வரி இருக்கும், அது 0 0 24 24ன்னு இருக்கணும், எனக்கு ஒண்ணு 20க்கு 18, இன்னொண்ணு 16க்கு 20ன்னு ஆளுக்கு ஒரு அளவுல வெட்டுப்பட்டுப் போயிருந்துச்சு. டெவலப்பர் எல்லாத்தையும் 24ல போட்டதும் மெல்லிசா இருக்க வேண்டிய ஐகான் குண்டாகி, கீழ இருக்குற பார்ல ஒண்ணு மேல ஏறி ஒண்ணு கீழ இறங்கி நின்னுச்சு. ரிலீஸுக்கு முந்தின ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் நாப்பதையும் ஒவ்வொண்ணா திரும்ப எடுத்தேன். எப்பவும் ஃப்ரேமத்தான் எக்ஸ்போர்ட் பண்ணணும், சுத்தி இருக்குற காலி இடமும் ஐகான்ல சேர்த்திதான்.

கலர் விஷயம். ஃபைலுக்குள்ள கருப்புன்னு எழுதி வச்சுட்டா டார்க் மோடுல ஐகான் இருட்டுக்குள்ள போயிடும். ஃபைல்ல ஃபில் (உள்ள பூசுற கலர்) அல்லது ஸ்ட்ரோக் கலர் எழுதுற இடத்துல கரன்ட்கலர்னு ஒரே வார்த்தையா போட்டுட்டா பக்கத்துல இருக்குற எழுத்து என்ன கலரோ அதையே எடுத்துக்கும். ஆனா எஸ்விஜிய பக்கத்துக்குள்ளயே நேரா எழுதியிருந்தாதான் இது வேலை செய்யும், இமேஜ் டேக்ல ஃபைலா கூப்பிட்டா வெளி கலர் உள்ள போகாது, கருப்பாத்தான் வரும், இதுல மாட்டிக்கிட்டு ரெண்டு நாள் தேடினவங்க எனக்குத் தெரியும். பின்னணிக்கும் ஐகானுக்கும் கான்ட்ராஸ்ட் குறைஞ்சது 3க்கு 1 இருக்கணும்னு, எல்லாரும் பயன்படுத்த முடியுற மாதிரி வெப்சைட் செய்யறதுக்கான டபிள்யூசிஏஜி விதிமுறை சொல்லுது, இவ க்ரீம் கலர் மேல வெளிர் பிரவுன்ல காபி போட்டிருந்தா, வெயில்ல நின்னு பார்த்தா ஒண்ணுமே தெரியல, டிகாக்‌ஷன் கலருக்கு மாத்தினோம்.

பிஎன்ஜி, அதாவது கட்டம் கட்டமான படம், தேவைப்பட்டா ஆண்ட்ராய்டுக்கு ஒரே ஐகான் 24, 36, 48, 72, 96ன்னு அஞ்சு அளவுல, ஐபோனுக்கு 24, 48, 72ன்னு மூணு அளவுல. ஆண்ட்ராய்டு 5ல இருந்து வெக்டர் டிராவபிள்னு ஆண்ட்ராய்டோட சொந்த வெக்டர் வடிவம் ஒண்ணு இருக்கு, ஆண்ட்ராய்டு ஸ்டுடியோல எஸ்விஜிய உள்ள இழுத்தா அதுவா மாத்திக்கும், அப்போ அஞ்சு ஃபைல் வேண்டாம். ஐகான் 24ஆ இருந்தாலும் விரல் தொடுற இடம் ஆண்ட்ராய்டுல 48, ஐபோன்ல 44 இருக்கணும், அத டெவலப்பர்கிட்ட வாய்விட்டுச் சொல்லிடுங்க. ஹோம் ஸ்கிரீன்ல வர்ற ஆப் ஐகான் வேற கணக்கு. ஆப் ஸ்டோருக்கு 1024, பிளே ஸ்டோருக்கு 512. ஆண்ட்ராய்டு 8ல இருந்து 108க்கு 108ல வரைஞ்சு குடுக்கணும், போன் கம்பெனிய பொறுத்து வட்டமாவோ சதுரமாவோ வெட்டிக்கும், நடுவுல 66 குறுக்களவுக்குள்ள இருக்குறது மட்டும்தான் வெட்டுப்படாதுன்னு உத்தரவாதம், அதனால முக்கியமானத அந்த வட்டத்துக்குள்ள வைங்க.

பணம் கட்டுற ஐகானுக்கு அவ காசு மாதிரி ஒரு வட்டம் போட்டு உள்ள ₹ டைப் பண்ணி வச்சிருந்தா. ஐகானுக்குள்ள எழுத்து எழுத்தாவே இருந்தா, அந்த ஃபான்ட் இல்லாத போன்ல வேற மாதிரி வரும், அதையும் அவுட்லைனா மாத்தணும், தமிழ் அ போட்டு மொழி மாத்துற பட்டன் செய்யறவங்களுக்கும் இதேதான். அது போக இடமும் பத்தல. 20 வட்டம், கோடு ரெண்டு பக்கமும் போக 16, இடைவெளி விட்டா 12. ₹ல மேல் கோடு, ரெண்டாவது கோடு, வளைவு வந்து சேர்ற இடம், இது மூணும் இடைவெளியோட 10 ஆச்சு, கீழ சாய்ஞ்சு இறங்குற காலுக்கு 2 தான் மிச்சம். வட்டத்த எடுத்துட்டு ₹ஐயே 18 உயரத்துக்கு வரைஞ்சோம். அந்தச் சின்னத்த வரைஞ்சது நம்ம தமிழ்நாட்டுக்காரர் உதயகுமார், ஐஐடி பாம்பேயில டிசைன் படிச்சவர், 2010 ஜூலை 15 அன்னைக்கு அரசு ஏத்துக்கிச்சு, அதே வருஷம் அக்டோபர்ல எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டர்ல எண் குடுக்குற யூனிகோட் 6ல வந்துடுச்சு. ஹிந்தி எழுத்து ர வையும் இங்கிலீஷ் ஆரையும் இவ்ளோ கம்மியான கோட்டுல சேர்த்திருக்கார்னு வரைஞ்சு பார்த்தாதான் தெரியும், அதுல ஒரு கோட்டக்கூட நாம எடுக்க முடியல.

அனுப்புறதுக்கு முன்னாடி ஃபைல் சைஸ் பாருங்க. இந்த மாதிரி ஒரு ஐகான் ஒரு கேபிக்குள்ள அடங்கிடும். நூறு கேபின்னு காட்டினா நோட்பேட்ல திறங்க, இமேஜ்னு ஒரு வார்த்தையும் அதுக்குப் பின்னாடி அர்த்தமில்லாத எழுத்து பக்கம் பக்கமாவும் இருந்தா, உள்ள உக்காந்திருக்குறது போட்டோ, எக்ஸ்டென்ஷன் மட்டும்தான் எஸ்விஜி. எஸ்விஜிஓன்னு ஒரு டூல் இருக்கு, தேவையில்லாத குறிப்பெல்லாம் எடுத்துக் குடுத்துடும், ஆனா செட்டிங்ல வியூபாக்ஸ எடுக்கச் சொல்லி இருக்கான்னு ஒரு தடவ பார்த்துக்கோங்க.

கடைசியா பழைய போன்ல ஒரு தடவ போட்டுப் பார்க்கணும். டிஃபன் அம்மாகிட்ட இருக்குறது ஆண்ட்ராய்டு 6 போன், அதுல டவரா மட்டும் ஓட்டை இல்லாம முழுக்கக் கருப்பா அடைச்சுக்கிட்டு வந்துச்சு. ஓட்டைய ஈவன்ஆட்னு ஒரு முறையில சொல்லியிருந்தோம், அது ஆண்ட்ராய்டு 7ல இருந்துதான் தெரியும். அதுக்கு முந்தின போன்ல உள் வடிவத்தோட பாதை வெளி வடிவத்துக்கு எதிர்த் திசையில சுத்தினாதான் ஓட்டை விழும். ஃபில் ரூல நான்ஜீரோவுக்கு மாத்தி, இன்க்ஸ்கேப்ல உள் பாதைய மட்டும் ரிவர்ஸ் பண்ணினா, திரும்ப எக்ஸ்போர்ட் பண்ணி அந்த போன்லயே போட்டுக் காமிச்சா. அந்த அம்மா கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஸ்கிரீன கிட்ட வச்சுப் பார்த்துட்டு, "நம்ம டவராதான்"னாங்க. அப்புறம் அதே ஃபைல பென்டிரைவ்ல போட்டுக்கிட்டு சிவாஜிநகர் கடைக்குக் கிளம்பினா.